எஞ்சினை விட்டு வர முடியாது

இங்குன் தன் தம்பி யோஸ்டைனின் வெள்ளைச் சட்டைக் காலரைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது இஸ்திரிப் பெட்டியின் சிவப்பு விளக்கு அணைந்தது. வயர் கழன்றிருக்கும் என்று அவள் சுவரைப் பார்ப்பதற்குள் மாடியில், அப்பாவின் அறையில், அந்த மணி அடிக்கத் தொடங்கியது.

சமையல் மேசையருகே நின்று உருளைக்கிழங்கு ரொட்டிகளுக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்த அம்மா குன்வோர் திரும்பாமலே சொன்னாள்.

"ஓட்வார், மணி."

சொன்ன பிறகுதான் அவள் கையிலிருந்த கத்தி நின்றது.

அப்பா ஓட்வார் கடற்கழிக்கு அக்கரையில், தேவாலயத்தில், மூடிய பெட்டிக்குள் இருந்தார். மதியம் அடக்கம். மணி மட்டும் அதை அறியாமல் அடித்தது. கரண்ட் போனால் மீன்குஞ்சுப் பண்ணையின் பம்புகள் நிற்கும். பம்புகள் நின்றால் தொட்டிகளில் தண்ணீர் ஓடாது. தண்ணீர் ஓடாவிட்டால் கொஞ்ச நேரத்தில் சால்மன் குஞ்சுகள் வயிற்றை மேலே காட்டிக்கொண்டு மிதக்க ஆரம்பிக்கும். இந்த வீட்டில் பிறந்தவர்கள் பேசப் பழகும் முன்பே தெரிந்துகொண்டது அது. மணி அடித்தால் அப்பா ஓடுவார். சாப்பிட்டுக்கொண்டிருந்தால் கரண்டியோடு ஓடுவார். ஒருமுறை முகத்தில் சவர நுரையோடு ஓடி, நுரை காய்ந்த முகத்தோடு திரும்பி வந்தார்.

"யோஸ்டைன் எங்கே?" என்றாள் இங்குன்.

"பண்ணையிலதான். அந்த பேட்டரிப் பொண்ணுகூட."

"தெரிஞ்சிருக்குமா அவனுக்கு?"

"தெரியாம என்ன. நீயும் போ. ஒரு ஆளால அதைக் கிளப்ப முடியாது." அம்மா மாடியைப் பார்த்தாள். "போறப்ப அந்த மணியை நிறுத்திட்டுப் போ. எனக்கு ஏறிப் போக மனசில்ல."

கறுப்பு உடுப்போடும் அப்பாவின் ரப்பர் பூட்ஸோடும் இங்குன் வெளியே இறங்கினாள். இரவெல்லாம் ஈரப்பனி கொட்டி அப்போதுதான் ஓய்ந்திருந்தது. காற்றே இல்லை. மலைச்சரிவில் மரங்கள் பாரம் தாங்காமல் வளைந்து நின்றன. எங்கோ ஒன்று மின்கம்பியின் மேல் விழுந்திருக்க வேண்டும். முற்றத்துக் கம்பத்தில் காலையில் யோஸ்டைன் ஏற்றிய கொடி பாதி உயரத்தில் நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அக்கரையிலும் வீட்டுக்கு வீடு அப்படியே பாதியில் கொடிகள். அடக்கம் முடிந்ததும்தான் உச்சிக்கு ஏற்றுவார்கள்.

எஞ்சின் கொட்டகையில் யோஸ்டைன் எஞ்சினைக் கிளப்பும் காற்றுக் கலத்தின் வால்வைத் திறந்துகொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால், சுவரோரமாக, ஆள் உயரத்தில் மூன்று வெள்ளைப் பெட்டிகள் குளிர்பதனப் பெட்டிகளைப் போல நின்றன. புது பேட்டரிகள். பெர்கனிலிருந்து அவற்றைக் கொண்டு வந்திருந்த சில்யே கைகளைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

"இது ஓடாதா?" இங்குன் வெள்ளைப் பெட்டிகளைக் காட்டிக் கேட்டாள்.

"ஓடாது. வழியில தீப்பிடிச்சுடக் கூடாதுன்னு கால்வாசி சார்ஜோடதான் அனுப்புவாங்க. இன்னைக்கு ஏத்தி, நாளைக்குப் புது ஜெனரேட்டர் படகுல வந்ததும் மாத்திக் குடுக்கறதா இருந்துச்சு." சில்யே தயங்கினாள். "ஏத்தறதுக்குக் கரண்ட் வேணும்."

"கரண்ட் போனா உதவறதுக்குக் கரண்ட் வேணுமாம்," என்றான் யோஸ்டைன். "அப்பா கேட்டிருந்தா இருமி இருமிச் சிரிச்சிருப்பார். வா இங்குன், லிவரைத் தூக்கு. மறந்துட்டியா?"

மறக்கவில்லை. அவள் லிவரைத் தூக்கிப் பிடித்தாள். அவன் காற்றைத் திறந்துவிட்டான். சீறல், ஒரு மோதல், இன்னொரு மோதல். "விடு!" என்றான். விட்டாள். பழைய மீன்பிடிப் படகொன்றை உடைத்தபோது அப்பா வாங்கி வந்து பதித்த எஞ்சின் கூரையைப் பார்த்துக் கறுப்பாகக் கனைத்துவிட்டு ஓடத் தொடங்கியது. தரை அதிர்ந்தது.

"பாத்தியா? முதல் அடியிலேயே. அப்பா படுத்த நாள்லேர்ந்து நான்தான் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை ஓட்டறேன். ஒரு தடவைகூட அடம் பிடிச்சதில்ல." யோஸ்டைன் பெரிய சுவிட்சை இந்தப் பக்கம் தள்ளினான். விளக்குகள் எரிந்தன. சுவருக்கு அப்பால் பம்புகள் முனகி எழுந்தன. "அவ்வளவுதான். இது பாட்டுக்கு ஓடட்டும். சட்டை ரெடியா? ரோட்டுல மரம் விழுந்து கெடக்கு, வேலைப் படகுலதான் போகணும்."

அவன் கதவை அடைவதற்குள் எஞ்சினின் குரல் தடித்தது. விளக்குகள் மஞ்சளாகி மங்கின. ஓடிவந்து பக்கத்திலிருந்த பித்தளைக் கைப்பிடியைத் தள்ளினான். எஞ்சின் வீறிட்டது; தரை முழுதும் நடுங்கியது; சுவரில் ஏதோ ஒரு சுவிட்ச் பட்டென்று விழுந்து பாதிப் பம்புகள் நின்றன. இழுத்தான். இருமத் தொடங்கியது.

"நகரு," என்றாள் இங்குன்.

அவள் யோசித்துச் செய்யவில்லை. கிழிந்த தோலிருக்கை ஒன்று, ஏதோ பயணிகள் படகிலிருந்து எடுத்தது, எஞ்சினின் பக்கத்தில் திருகிப் பொருத்தப்பட்டிருந்தது. அதில் உட்கார்ந்து கைப்பிடியைப் பிடித்தாள். சத்தம் தடித்தபோது மெல்லத் தள்ளினாள். மெலிந்தபோது விட்டுக்கொடுத்தாள். விளக்குகள் சமமாயின. சில்யே விழுந்த சுவிட்சைத் தூக்கிவிட்டாள். பம்புகள் ஒவ்வொன்றாக எழுந்தன.



"வெள்ளிக்கிழமையில இப்படிப் பண்ணினதே இல்லையே இது," என்றான் யோஸ்டைன்.

சில்யே கேட்டாள். "வெள்ளிக்கிழமை பம்புகளை இதுக்கு மாத்திவிட்டு ஓட்டுவீங்களா?"

"இல்ல. சும்மாதான். கொஞ்ச நேரம் ஓட்டிட்டு நிறுத்திடுவேன்."

"சும்மாவா?"

"அப்பா அப்படித்தான் சொல்லிக் குடுத்தார். பம்புல கை வைக்காதே, சும்மா ஓட்டிப் பாருன்னு."

"பாரம் இல்லாம ஓட்டினா எதுவும் நல்லாத்தான் ஓடும்." அவள் குனிந்து எஞ்சினின் பக்கவாட்டில் டார்ச் அடித்தாள். "வேகத்தைத் தானே பிடிச்சு வைக்கணும் இது. அந்தப் பாகம் தேஞ்சே போச்சு. பாரம் ஏறினா கையாலதான் பிடிக்கணும். ஒரு கை எப்பவும் இருக்கணும்."

"எத்தனை நாளா இப்படி?" என்றான் யோஸ்டைன்.

சில்யே டார்ச்சை இங்குனின் கைக்குக் கீழே நகர்த்தினாள். பித்தளைக் கைப்பிடி நடுவில் மெலிந்து, நான்கு விரல்களும் பெருவிரலும் பதியும் பள்ளங்களோடு இருந்தது. இங்குனின் விரல்களுக்கு அந்தப் பள்ளங்கள் பெரிதாக இருந்தன.

எஞ்சினை விட்டு வர முடியாது. அவளுடைய கல்யாணத்தன்று காலை அப்பா போனில் சொன்னது அவ்வளவுதான். ட்ரொன்ஹைமில் தேவாலய வாசலில், முக்காட்டைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் அதைக் கேட்டாள். வீட்டுப் பக்கம் புயல், கரண்ட் போய்விட்டது, எல்லாம் தெரிந்ததுதான். "ஸ்டார்ட் பண்ணிட்டு வாங்களேன், அதுக்குத்தானே எஞ்சின்," என்றாள். "விட்டு வர முடியாது," என்றார். "அப்ப அதோடயே இருங்க," என்று அவள் வைத்துவிட்டாள். அம்மாவும் யோஸ்டைனும் முந்தின நாளே வந்திருந்தார்கள். அவளை உள்ளே அழைத்துப் போனது யோஸ்டைன். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் பேசிக்கொண்டார்கள். எப்படி இருக்கீங்க? ஓடுது. சரி. அங்கே? இங்கயும் ஓடுது. சரி.

"உனக்கு எப்படி வருது இது?" யோஸ்டைன் அவளுடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தான். "நான் தொட்டா குதிக்குது."

"விளையாட்டு."

"என்ன விளையாட்டு?"

"நீ தொட்டில்ல கிடந்தப்ப. காத்து அடிக்கிற நாள்ல என்னைத் தூக்கிட்டு வந்து மடியில வச்சுக்குவார். என் கைமேல அவர் கை. தடிச்சா தள்ளு, மெலிஞ்சா விடு. எஞ்சினைப் பாட வைக்கிற விளையாட்டுன்னு சொல்வார். அழுதா பாட்டு கெட்டுப்போயிடும்பார்." அவள் நிறுத்தி, கைப்பிடியைக் கொஞ்சம் தள்ளினாள். "விளையாட்டுன்னுதான் நெனச்சேன்."

பெரிய பம்பு நின்றது. வடிகட்டியைக் கழுவும் பம்பு அது. தன்னிஷ்டத்துக்கு ஓடும், நிற்கும். ஒவ்வொரு தடவையும் எஞ்சின் திமிறியது. அதை மட்டும் நிறுத்தி வைக்கலாமா என்று யோஸ்டைன் கேட்டான். நிறுத்தினால் வடிகட்டி அடைத்துக்கொண்டு தொட்டிகள் வழியும் என்றாள் சில்யே. அவளும் ஒருமுறை உட்கார்ந்து பார்த்தாள். விளக்குகள் மங்கி, எரிந்து, மங்கின. எழுந்துவிட்டாள்.

"மன்னிச்சுக்குங்க. எனக்குக் காதுல புரியுது, கைக்கு வர்றதுக்குள்ள லேட் ஆயிடுது."

யோஸ்டைன் கடிகாரத்தைப் பார்த்தான். பிறகு சொன்னான்.

"விட்டுடு இங்குன்."

"எதை?"

"இதைத்தான். செத்தா சாகட்டும். ஒரு கொட்டகை மீன்குஞ்சுக்காக அப்பா அடக்கத்துக்கு வராம இருப்பியா? பெட்டி தூக்கற ஆறு பேர்ல நான் ஒருத்தன், நான் போயே ஆகணும். முதல் பெஞ்சுல அம்மா பக்கத்துல யாரு?"

"வசந்தத்துல குடுக்க வேண்டிய குஞ்சு எல்லாம் இதுதானே?"

"இதுதான்."

"இது போச்சுன்னா?"

அவன் வெள்ளைப் பெட்டிகளைப் பார்த்தான். "இதை எதுக்கு வாங்கினோம்னு ஆயிடும்."

"அப்புறம் எப்படி விடச் சொல்றே?"

"சொல்லித்தானே ஆகணும். நான் சொல்லலன்னா, நீ நாளைக்கு என்னைச் சொல்வே."

கதவு திறந்தது. அம்மா கறுப்புக் கோட்டும் தொப்பியுமாக வந்து நின்றாள். ஒரு கையில் கேக் டப்பா. அவள் கொட்டகைக்குள் வருவதை இங்குன் ஒருபோதும் பார்த்ததில்லை. வாசல் வரை சாப்பாட்டுத் தட்டோடு வருவாள், மூடி வைத்துவிட்டுப் போவாள்.

"அக்கரை ஆஸ்லௌக் வீட்டுல கேஸ் அடுப்பு இருக்காம்," என்றாள் அம்மா. "காபி அவ போட்டுத் தர்றாளாம். நல்லவேளை. காபி இல்லாம புதைச்சா இந்த ஊர் ஓட்வாரை மன்னிக்காது. கரண்ட் இல்லாம ஆர்கன் கிடையாது. பாதிரியார் தன் வாயாலயே பாடறாராம், கடவுள்தான் காப்பாத்தணும்." அவள் பார்வை மகளின் கைக்கு வந்தது. அங்கேயே நின்றது. "ஓ," என்றாள்.

"உங்களுக்குத் தெரியும்," என்றாள் இங்குன்.

"என்ன?"

"கையை எடுக்க முடியாதுன்னு."

அம்மா டப்பாவை வெள்ளைப் பெட்டி ஒன்றின்மேல் வைத்தாள். பிறகு, அது பேட்டரி என்று நினைவு வந்ததுபோல எடுத்து மறுபடி கையில் வைத்துக்கொண்டாள்.

"தெரியும்."

"எனக்கு ஏன் தெரியாது?" என்றான் யோஸ்டைன். "நான்தானே பண்ணையை நடத்தறேன்?"

"உனக்குத் தெரிஞ்சா வேலையாளுக்குத் தெரியும். வேலையாளுக்குத் தெரிஞ்சா படகுத்துறைக்குத் தெரியும். அப்புறம் சோதனைக்கு வர்றவன் வந்து சீல் வச்சுட்டுப் போவான். அடுத்த வருஷம் மாத்திடலாம், அடுத்த வருஷம் மாத்திடலாம்னே ஓட்டினார். ஒவ்வொரு அடுத்த வருஷத்துக்கும் ஒரு கூரை, ஒரு தொட்டி, உனக்கு ஒரு காலேஜ்." அம்மா தோளைக் குலுக்கினாள். "நான் எல்லாக் கல்யாணத்துக்கும் சாவுக்கும் தனியாத்தான் போனேன். ஓட்வார் எங்கேம்பாங்க. அவருக்கு எஞ்சினோட கல்யாணம் ஆயிடுச்சு, எனக்கு இன்னைக்கு லீவும்பேன். சிரிப்பாங்க. நானும் சிரிப்பேன்."

"என் கல்யாணத்துலயும் அதையே சொன்னீங்க," என்றாள் இங்குன். "நான் கேட்டேன்."

"ஆமா."

"எனக்காவது சொல்லியிருக்கலாம்."

"சொல்லாதேன்னார்."

"ஏன்?"

எஞ்சின் தடித்தது. இங்குன் தள்ளினாள். அம்மா அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"ஒருநாள் உன்னைக் கொட்டகையை விட்டு வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாரே, ஞாபகம் இருக்கா? பத்து வயசிருக்கும். வந்து என் மடியில விழுந்து அழுதே. அப்பாவுக்கு என்னைப் பிடிக்கலன்னு."

"இருக்கு."

"அன்னைக்கு அவர் கையை எடுத்துட்டாராம். நீயே முழுசா ஓட்டினியாம். விளக்கு கொஞ்சம்கூட அசையலையாம். ராத்திரி வந்து கட்டில்ல உட்கார்ந்து சொல்றார், 'குன்வோர், அவளுக்கு வந்துடுச்சு. இனி அவளை உள்ள விடக் கூடாது. இங்க ரெண்டு கை இருக்குன்னு தெரிஞ்சா, ரெண்டு கையும் இங்கயே கெடக்கும்.' அப்புறம்தான் உன்னைத் தங்கிப் படிக்கிற பள்ளிக்கு அனுப்பினது."

யோஸ்டைன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"படகு கிளம்பணும்," என்றாள் அம்மா. "பாதிரியாருக்கு இதுக்கப்புறம் ஒரு ஞானஸ்நானம் இருக்கு. முதல் பெஞ்சுல நீ என் பக்கத்துல உட்காரணும்னு எனக்கு ஆசை."

"அம்மா..."

"ஆசைன்னுதான் சொன்னேன். வான்னு சொல்லலை."

"அப்பா இருந்தா என்ன சொல்வார்?"

"அவர் சொல்ற ஆளா?"

அம்மா குனிந்து மகளின் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கினாள். தொப்பியைச் சரிசெய்துகொண்டாள்.

"ஊர்ல கேப்பாங்கம்மா," என்றான் யோஸ்டைன். "இங்குன் எங்கேன்னு."

"கேக்கட்டும். அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லிப் பழகினவ." கதவருகே நின்று சில்யேயிடம் சொன்னாள். "நீ அவளுக்குக் கொஞ்சம் தண்ணி குடு பொண்ணே. கையை எடுக்க மாட்டா, வாய்ல ஊத்து. நான் அவருக்கு அப்படித்தான் குடுப்பேன்."

வேலைப் படகின் சத்தம் எஞ்சின் சத்தத்துக்குள் கொஞ்ச தூரம் கேட்டுப் பின் கரைந்தது.

கொட்டகை ஜன்னலில் அப்பாவின் பைனாகுலர் ஆணியில் தொங்கியது. சில்யே அதை எடுத்துத் துடைத்துக் கண்ணில் வைத்தாள். இங்குன் உட்கார்ந்த இடத்திலிருந்து ஜன்னல் வழியே பனி மூடிய மலையின் தோளும் கொஞ்சம் வானமும்தான் தெரிந்தன.

"என்ன தெரியுது?"

"படகு சேர்ந்துடுச்சு. உங்க அம்மா இறங்கறாங்க. யாரோ கை நீட்டறாங்க. அவங்க அந்தக் கையில கேக் டப்பாவைக் குடுத்துட்டுத் தானா இறங்கறாங்க."

இங்குன் சிரித்தாள். "அதான் அம்மா. கூட்டம் இருக்கா?"

"நிறைய. வாசல் வரைக்கும் நிக்கறாங்க. உங்க தம்பி சட்டையில காலர் ஒரு பக்கம் மடங்கியிருக்கு."

"அந்தப் பக்கம் தேய்க்கறதுக்குள்ள கரண்ட் போயிடுச்சு."

"உள்ள போயிட்டாங்க. கதவைச் சாத்தறாங்க."

பிறகு பார்க்க ஒன்றுமில்லை. சில்யே காலி எண்ணெய் டின் ஒன்றைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தாள். பெரிய பம்பு எழுந்தது, நின்றது. இங்குனின் தோளில் வலி முதுகுக்கு இறங்கியிருந்தது. இடது கைக்கு மாற்றிப் பார்த்தாள். விளக்கு துடித்தது. மறுபடி வலது கைக்கே வந்தாள்.

"நிறைய இடத்துல பழசை எடுத்திருக்கேன்," என்றாள் சில்யே. "பேக்கரி, பல் டாக்டர், பால் பண்ணை. எல்லா இடத்துலயும் ஒருத்தர் இருப்பார். இதைக் கிளப்ப அவரைத் தவிர யாருக்கும் வராதும்பாங்க. பெருமையாச் சொல்வாங்க."

"நீங்க என்ன சொல்வீங்க?"

"அவர் கடைசியா எப்ப லீவுல போனார்னு கேப்பேன்."

"என்ன பதில் வரும்?"

"ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பாப்பாங்க."

இங்குன் எஞ்சினைக் கேட்டுக்கொண்டிருந்தாள். தடிக்கப் போகிறது என்பது தடிப்பதற்கு முன்பே இப்போது கைக்குத் தெரிந்தது. தள்ளினாள். விட்டாள். தன் கை முன்னும் பின்னும் போவதைப் பார்த்தாள்.

பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஆஸ்பத்திரியில் கடைசி நாள் அவள் போய்ச் சேர்ந்தபோது அப்பாவுக்கு நினைவில்லை. மூச்சு மட்டும் கரகரத்தது. வலது கை மட்டும் போர்வையின் மேல் அசைந்துகொண்டே இருந்தது. கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே. விரல்கள் எதையோ சுற்றி வளைந்திருந்தன. "சிலருக்குக் கடைசியில அப்படி வரும், காய்ச்சல்தான்," என்றாள் நர்ஸ். பார்க்கச் சகிக்காமல் இங்குன் அந்தக் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்து அடக்கி வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் அது அவளுடைய பிடிக்குள் முட்டியது. பிறகு அடங்கியது.

"தண்ணி வேணுமா?" என்றாள் சில்யே.

"வேண்டாம்."

"முகம் வெளுத்திருக்கு உங்களுக்கு."

"புகை."

சில்யே எழுந்து கதவைக் கொஞ்சம் திறந்து வைத்தாள். மறுபடி ஜன்னலுக்குப் போனாள்.

"கதவு திறந்துடுச்சு," என்றாள். "வர்றாங்க."

"பெட்டி?"

"தூக்கிட்டு வர்றாங்க. உங்க தம்பி வலது பக்கம் முன்னால. படியில பனி, மெதுவா இறங்கறாங்க. உங்க அம்மா பின்னாடி."

"யார் கூட?"

சில்யே பைனாகுலரைத் திருகினாள். "தனியாத்தான்."

பெரிய பம்பு எழுந்தது. இங்குன் தள்ளினாள்.

"குழிகிட்ட போயிட்டாங்க. மரம் மறைக்குது. பாதிரியார் தெரியறார். வாயைத் திறந்து திறந்து மூடறார்."

"பாடறார்."

"ஆமா, பாடறார். எல்லாரும் பாடறாங்க. தொப்பி எல்லாம் கையில." கொஞ்ச நேரம் கழித்து, "இறக்கறாங்க," என்றாள்.

விளக்கு அசையாமல் எரிந்தது.

ரொம்ப நேரம் ஆனதுபோல இருந்தது. ஜன்னலிலிருந்து திரும்பாமலே சில்யே சொன்னாள்.

"கொடி ஏறுது. அந்த மஞ்சள் வீட்டுல. பக்கத்து வீட்டுலயும். பள்ளிக்கூடத்துலயும்."

"சரி," என்றாள் இங்குன்.

கரண்ட் அதற்குப் பிறகு வந்தது. சுவரில் பச்சை விளக்கு ஒருமுறை கண்ணடித்துவிட்டு நிலையாக எரிந்தது. சில்யே காத்திருந்து பார்த்து, பெரிய சுவிட்சை அந்தப் பக்கம் தள்ளினாள். விளக்குகள் ஒரு கணம் போய் வந்தன. பம்புகள் தம் சொந்த ஓட்டத்துக்குத் திரும்பின. பாரம் இறங்கிய எஞ்சின் லேசாக, அழகாக ஓடியது. வெள்ளிக்கிழமைகளில் ஓடுவது இப்படித்தான் இருந்திருக்கும்.

"கையை எடுக்கலாம்," என்றாள் சில்யே.

இங்குன் பிடித்தபடியே இருந்தாள்.

"இங்குன். எடுக்கலாம்."

அவள் டீசல் குழாயை மூடினாள். எஞ்சின் இரண்டு மூச்சு வாங்கி நின்றது. சுவருக்கு அப்பால் தொட்டிகளில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. எண்ணெய்க் கரி படிந்த விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்த வேண்டியிருந்தது.

"நாளைக்குப் படகு வர்றதா இருந்துச்சு," சில்யே குரலைத் தாழ்த்திக் கேட்டாள், "இதை எடுத்துட்டுப் போறதுக்கு. ரெண்டு நாள் போகட்டுமா?"

"வேண்டாம். நாளைக்கே எடுத்துடுங்க."

"ஏதாவது ஒரு பாகம் கழட்டித் தரட்டுமா? சிலர் கேப்பாங்க. ஞாபகத்துக்கு." அவள் கண் பித்தளைக் கைப்பிடியில் இருந்தது.

இங்குன் அதைப் பார்த்தாள். "பழைய இரும்புக்குத்தானே போகுது எல்லாம்?"

"ஆமா."

"எல்லாத்தையும் எடுத்துக்குங்க."

வெளியே வெளிச்சம் கண்ணைக் குத்தியது. அக்கரையில் கொடிகள் எல்லாம் உச்சியில் இருந்தன. படகுத்துறையிலிருந்து வேலைப் படகு இன்னும் கிளம்பவில்லை. ஆஸ்லௌக்கின் காபி ஓடிக்கொண்டிருக்கும். முற்றத்தில் அவர்களுடைய கொடி மட்டும் காலையில் ஏற்றிய அதே பாதியில் தொங்கியது.

இங்குன் பூட்ஸ் புதையப் பனியில் நடந்து கம்பத்தடிக்குப் போனாள். முடிச்சு நனைந்து இறுகியிருந்தது. விறைத்த விரல்களால் அவிழ்க்க நேரமானது. பிறகு இழுத்தாள். கை மாற்றிக் கை மாற்றி இழுக்க இழுக்க, வெள்ளைக் கயிற்றில் அவள் பிடித்த இடமெல்லாம் கறுப்பாக விரல்கள் பதிந்தன. கொடி உச்சியில் போய் நின்றது. கயிற்றைச் சுற்றிக் கட்டிவிட்டு அவள் கீழேயே நின்று, அந்தத் தடங்கள் எதுவரை ஏறியிருக்கின்றன என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.